சிறுத்தையும் மரியாதையாகத்தான் கூப்பிட்டது

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை உன் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்து சுகன்யாவை அழைத்துப் போவதாக நேற்றுப் போனில் சொன்னாய். நான் ம் என்றுகூடச் சொல்லவில்லை. நீயாகவே "சரிங்கம்மா, வெச்சர்றனுங்க" என்று வைத்துவிட்டாய். வர வேண்டாம். என் மருமகளை நான் அனுப்பப் போவதில்லை. இதைப் போனில் சொன்னால் நீ "சரிங்கம்மா, ஆகட்டுங்கம்மா" என்று சொல்லிச் சொல்லியே என் பேச்சைக் கரைத்துவிடுவாய். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் நான் பாதியில் திகைத்து நிற்பேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஊரார் எழுத்தையெல்லாம் திருத்தியே உன்னைப் படிக்கவைத்தவள், எனக்கென்று நாலு பக்கம் எழுத மாட்டேனா? இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றும் இல்லை. மாமா படிக்கட்டும். அன்னூரில் அவளுடைய அப்பா அம்மா படிக்கட்டும். சரவணம்பட்டியில் உன் அபார்ட்மெண்ட் வாசலில் உனக்குத் தினமும் சல்யூட் அடிக்கிறாரே அந்த வாட்ச்மேன், அவரும் படிக்கட்டும். சுகன்யாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இப்போது எந்தப் புத்தகத்துக்குப் புரூஃப் பார்க்கிறேன் என்று நீ கேட்கவில்லை. நீ என்றைக்குக் கேட்டாய்? கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அந்தப் புத்தகத்திலிருந்துதான் கிளம்புகிறது. நம் பக்கத்து மிருகக் கதைகள். அன்னூர், தொண்டாமுத்தூர், வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகள் என்று போய், சொல்கிறவர்கள் சொல்லச் சொல்லப் போனில் பதிவு செய்து, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு இந்தத் தமிழ் ஆகவே ஆகாது. பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறது. அதனால் பழைய முறையில்தான் வேலை நடக்கிறது. ஒருத்தர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க வேண்டும், கமா, புள்ளி, மேற்கோள் எல்லாவற்றையும் வாயால் சொல்லி. இன்னொருத்தர் அச்சுத்தாளில் பேனாவை வைத்துக்கொண்டு கூடவே வர வேண்டும். வாசிப்பதற்குப் பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள், அவளுக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். நான் தனியாகத் திணறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நீ சுகன்யாவைக் கொண்டுவந்து விட்டாய்.

இந்தக் கதைகளை எத்தனையோ தடவை கேட்டவள்தான் நான், உனக்குச் சொன்னவளும்தான். ஆனால் அச்சில் ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கும்போதுதான் இதைச் செய்தவர்கள் எப்பேர்ப்பட்ட கைகாரர்கள் என்று தெரிகிறது. என் மேசைக்கு வருகிற நாவல்களில் ஒருத்தன் இன்னொருத்தனைக் குத்துவதற்குள் நிலா, காற்று, அவன் பட்ட அவமானம், அவன் அம்மா அவனைக் கவனிக்காதது என்று மூன்று பக்கம் ஓடிவிடும். கடைசியில் கத்தி இறங்கும்போது நமக்குக் குத்தினவன்மேல் பாவமாக இருக்கும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. "நரி வந்துது. கோழி பாத்துது. நரி தின்னுபோட்டுது." அவ்வளவுதான். நரிக்கு எவ்வளவு பசி, நரி நல்ல நரியா கெட்ட நரியா, ஒரு சொல் கிடையாது. இறகு பறந்ததையோ ரத்தம் தெறித்ததையோ சொல்லி நம்மைப் பயமுறுத்துவதும் கிடையாது. செய்தது யார், செய்தது என்ன, செய்யப்பட்டது யாருக்கு. இந்த மூன்றையும் மறைக்காமல் வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ரத்தம் நம் மனசுக்குள் தானாக ஓடுகிறது.

உனக்கு அந்தக் கோழிக் கதை ஞாபகம் இருக்கிறதா? நரி தினமும் வந்து ஒரு குஞ்சைத் தின்னும். கோழி ஒன்றும் சொல்லாது. கடைசிக் குஞ்சும் போன அன்றைக்குக் கோழி ஒரு கல்லை அடுப்பில் போட்டுப் பழுக்கக் காய்ச்சி, அதைச் சுற்றி ராகிக் களியை உருட்டி, "குஞ்சு தீந்துபோச்சுங்க, களிதான் இருக்குது, உண்டுபோட்டுப் போங்க" என்று வைக்கும். நரி விழுங்கும். "வயிறு வெந்துது. கத்துச்சு. செத்துது." இதைக் கேட்டுவிட்டு நீ என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாய். குஞ்சுகளுக்காக இல்லை, நரிக்காக! "பாவமுங்கம்மா, நரிக்கு வயிறு எரியுமில்லீங்க" என்று விக்கி விக்கி அழுவாய். எனக்கு அப்படி ஒரு பெருமை. நம் பையனுக்கு என்ன இளகிய மனசு என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவேன். கதையில் நரிக்காக அழுகிறவன் வீட்டில் கை ஓங்க மாட்டான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு கதையிலும் சொல்லவில்லை.

சுகன்யாவை நீ கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அவளுடைய இடது கை முழுக்க மாவுக்கட்டு. "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாங்கம்மா. எனக்கு ஆபீஸ்ல நகர முடியாதுங்க. கொஞ்ச நாளைக்கு உங்ககூட இருக்கட்டுங்க. அன்னூருக்குச் சொல்ல வேண்டாங்க, வீணா பயந்துக்குவாங்க" என்றாய். அவளுடைய பையை நீயே உள்ளே கொண்டுபோய் வைத்தாய், அவள் செருப்பைக்கூட எடுத்து ஓரமாக வைத்தாய். பார்த்த எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நீ போன பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளை உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். குளித்தவுடன் தரையைத் துடைக்க வேண்டும் அம்மணி, ஒரு கால்மிதி வாங்கிப் போடு, எப்போதும் என்ன அவசரம் உனக்கு என்று. அவள் "சரிங்க அத்தை, தொடைச்சுக்கறனுங்க" என்று தலையாட்டினாள். உடைந்த கையோடு உட்கார்ந்து, இல்லாத ஈரத்தைத் துடைப்பதற்கு ஒப்புக்கொண்டாள் அந்தப் புள்ளை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சும்மா உட்கார்ந்தால் அவளுக்கும் பொழுது போகவில்லை. "வாசிக்கறியா கண்ணு?" என்றேன். நன்றாகவே வாசித்தாள். அன்னூர்ப் பெண்தானே, அந்தப் பேச்சு அவள் வாயில் அச்சாக வந்தது. இரண்டொரு நாளில் எனக்கு அவள் குரல் இல்லாமல் வேலை ஓடாது என்று ஆகிவிட்டது. பன்றி புலியைக் கிழித்த கதைக்கெல்லாம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். பிறகு சிறுத்தைக் கதை வந்தது, வால்பாறையில் பதிவு செய்தது. அதை இங்கே எழுதுகிறேன், நீ பொறுமையாகப் படிக்க வேண்டும்.

"மழை வந்துது. ஆடு நனைஞ்சுது. பாறைக்குள்ள சிறுத்தை இருந்துது. 'ஏனுங்க அம்மணி, நனையறீங்களே, உள்ள வாங்க'ன்னுது. ஆடு போச்சு. 'உக்காருங்க'ன்னுது. உக்காந்துது. 'காலு நோகுதுங்களா'ன்னுது. 'தூரம் நடந்தது நோகுதுங்க சாமி'ன்னுது. 'காலைக் குடுங்க, புடிச்சு உடறேன்'ன்னுது. குடுத்துது. புடிச்சு உட்டுது. 'அந்தக் காலையும் குடுங்க அம்மணி'ன்னுது. குடுத்துது. கடிச்சுது."

எழுத்து வேலை செய்கிற யாராவது இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எத்தனை 'ங்க', எத்தனை 'அம்மணி'! நம் ஊரில் விருந்தாளியைக் கூப்பிடுகிற அதே சொற்கள், அதே வரிசை. வாங்க, உக்காருங்க, நோகுதுங்களா. கேட்கிற நமக்குத் தெரியும் அது சிறுத்தை என்று. ஆட்டுக்கும் தெரியும். தெரிந்தும் இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது என்று ஆடு கூச்சப்படுகிறது. அப்படி ஒரு வரி கதையில் கிடையாது, ஆனால் அந்தக் கூச்சம் முழுக்கக் கதையில் இருக்கிறது. முதல் காலைப் பிடித்துத்தான் விடுகிறது, பார்! வேறொருத்தர் எழுதியிருந்தால் முதல் காலையே கடிக்கவிட்டிருப்பார். ஒரு காலுக்குச் சுகம் கொடுத்துவிட்டு மறுகாலைக் கேட்க வைத்தார் பார், அந்த ஆளை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கடைசியில் ஒரே ஒரு சொல். கடிச்சுது. 'கொடூரமாக' இல்லை, 'திடீரென்று' இல்லை.

சுகன்யா வாசித்துக்கொண்டு வந்தாள். "அந்தக் காலையும் குடுங்க அம்மணி, மேற்கோள் முடிவு, ன்னுது, புள்ளி. குடுத்துது, புள்ளி." அத்தோடு நின்றுவிட்டாள். நான் பேனாவைப் புள்ளியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "மேல சொல்லு கண்ணு" என்றேன். வரி விட்டுப்போயிருக்கிறதோ என்று நினைத்து நிமிர்ந்தேன். அவளுடைய உதடு ஆடிக்கொண்டிருந்தது, கண் தாளிலேயே இருந்தது. "என்னாச்சு, எழுத்துப் புரியலையா?" என்றேன். "புரியுதுங்க அத்தை" என்றாள். "அவரும் இப்பிடித்தானுங்க கேட்டாரு. கையைக் குடுங்க அம்மணின்னு."

பிறகு அவள் சொன்னதை நான் சொல்கிறேன், எங்கேயாவது தப்பிருந்தால் நீ திருத்து. உங்கள் வீட்டு ஹாலில் அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "போனைக் குடுங்க அம்மணி" என்றாய். கொடுத்தாள். அதைச் சுவரில் அடித்தாய். "கையைக் குடுங்க அம்மணி" என்றாய். மோதிரத்தைக் கழற்றப் போகிறாய் என்று நினைத்து அவள் கொடுத்தாள். முறுக்கினாய். அவள் கத்தியதும் சத்தம் வெளியே போகுமென்று தலையணையை எடுத்து வாயில் வைத்து அமுக்கினாய். எலும்பு உடைந்த சத்தம் தலையணைக்குள்ளேயும் அவளுக்குக் கேட்டது. அப்புறம் கார் எடுத்து, பெல்ட் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டரிடம் "பாத்துப் பண்ணுங்க சார், அவங்களுக்கு வலி தாங்காதுங்க" என்றாய்.

இது முதல் தடவையும் இல்லை. முதல் அறை, தீபாவளிக்கு இங்கே வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது காரில் விழுந்தது. நான் கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பா அப்போது அவள் மடியில் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு தலைமுடியைப் பிடித்துச் சமையலறை மேடையில் இடித்தாய். குக்கர் மூடியால் முதுகில் அடித்தாய், அந்தத் தழும்பை நான் பார்த்தேன். பெல்ட்டால் அடித்த அன்றைக்குக்கூட "திரும்புங்க" என்றுதான் சொன்னாயாம். ஒரு நாள்கூட 'வாடீ போடீ' என்றதில்லையாம். ஏனுங்க, எழுந்திருங்க, அழுகாதீங்க. மரியாதைக்கு ஒரு குறைவில்லை! ஏன் அடித்தாய் என்று நீ ஒரு காரணம் சொல்வாய். அந்தக் காரணத்தையும் அவள் சொல்லிவிட்டாள். நான் அதை இங்கே எழுத மாட்டேன். சிறுத்தைக்குப் பசி என்றுகூட அந்தக் கதையில் எழுதவில்லை, உன் ஆபீஸ் டென்ஷனுக்கு நான் எதற்கு இடம் ஒதுக்க வேண்டும்?

நம் ஊரில்தான் இப்படி ஒரு ஏமாற்றம் நடக்கும் என்று தோன்றுகிறது. பெண் பார்க்கப் போனபோது அன்னூரில் என்ன சொன்னார்கள், ஞாபகமிருக்கிறதா? காபி கொண்டுவந்த சின்னப் பிள்ளைக்குக்கூட "வாங்க கண்ணு, வெச்சுட்டுப் போங்க" என்று நீ சொன்னதைக் கேட்டுவிட்டு, "இப்பிடிப் பேசற மாப்பிள்ளை கிடைக்கோணுமே, புள்ளை குடுத்து வெச்சவ" என்று வந்திருந்த ஒரம்பரை சனம் முழுக்க மெச்சினார்கள். ஜாதகத்தைவிட உன் 'ங்க'தான் அன்றைக்குப் பொருந்தியது. நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நாம் மரியாதையைப் பார்த்துப் பெண் கொடுக்கிறோம், மரியாதையைப் பார்த்துப் பெண் எடுக்கிறோம், கோபம் வந்தால் கை எங்கே போகும் என்று ஒருத்தரும் விசாரிப்பதில்லை.

உன் அப்பாவைப் பெண் பார்க்கிற இடத்துக்குக் கூட்டிப்போகவே நீ யோசித்தாய். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, அதுவும் மலைப்பாதையில் லாரி ஓட்டின வாய். "அடேய் நாயே" என்பதுதான் அவர் பாசமாகக் கூப்பிடுவது. அந்த மனுசன் என்மேல் இதுநாள் வரைக்கும் ஒரு விரலை வைத்ததில்லை. ஒரு தடவை பொள்ளாச்சி ரோட்டில் அவர் லாரி ஒரு கன்றுக்குட்டியை அடித்துப்போட்டது, உனக்கு ஞாபகம் இருக்கும். ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இவர் இறங்கி, செத்த கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தோட்டமாகப் போய் "இது யாரு கன்னு, நாந்தான் அடிச்சேன்" என்று கேட்டிருக்கிறார். கன்றுக்காரர்கள் அவரைப் பிடித்து மரத்தடியில் வைத்து அடித்த அடியில் முன்பல் இரண்டும் போனது. சட்டையெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தார், கன்றின் ரத்தமும் அவர் ரத்தமும் கலந்து. நீ பயந்துபோய், "ஏனுங்கப்பா சொன்னீங்க? சொல்லாம வந்திருக்கலாமல்லங்க?" என்று கேட்டாய். வாய் வீங்கி, பேச முடியாமல் பேசினார். "அட நாயே, அப்பறம் அதை யாரு அடிச்சது? மழையா?" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அவரிடம் உன் விசயத்தைச் சொன்னபோது ஒரு கெட்ட வார்த்தைகூட அவர் வாயில் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து போய்க் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து சுகன்யா எதிரில் தரையில் உட்கார்ந்து, "அம்மணி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

உன் மாமாவிடம் நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். என் கூடப் பிறந்தவர், நாலு பேருக்குப் பஞ்சாயத்துப் பண்ணுகிறவர், சரியாகச் சொல்வார் என்று நினைத்தேன். "ஏம்புள்ள, ஊட்டு விசயம் ஊட்டுக்குள்ளயே முடியோணும்" என்றார். "அடிக்கிற கைதான் அணைக்கும், பெரியவங்க சும்மாவா சொல்லி வெச்சாங்க" என்றார். அண்ணா, என் மேசைக்கு அந்த வரி வந்தால் ஒரே கோடாக அடித்து ஓரத்தில் 'நீக்கவும்' என்று எழுதுவேன் என்றேன். அவர் சிரித்தார், நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு சுகன்யாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "நீ என்ன கண்ணு பேசுன, அவனுக்கு அவ்வளவு கோவம் வர்றதுக்கு?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் நான் போனைப் பிடுங்கிவிட்டேன்.

அந்தக் கேள்வியால்தான் சிறுத்தைக் கதையின் கடைசிப் பகுதி எனக்குச் சரியாக விளங்கியது. அன்றைக்குச் சுகன்யா நிறுத்தியதை மறுநாள் அவளே எடுத்து வாசித்து முடித்தாள். "ஆடு கொம்பைத் திருப்புச்சு. கண்ணுல குத்துச்சு. கண்ணு வெளிய வந்துது. சிறுத்தை உழுந்துது. ஆடு மூணு காலுல ஊடு வந்துது. 'ஏன் நொண்டறே'ன்னுதுக மத்த ஆடுக. 'சிறுத்தை கடிச்சுது'ன்னுது. 'வா, தண்ணி குடி'ன்னுதுக." இத்தோடு கதை முடிந்தது. மற்ற ஆடுகள் "நீ ஏன் உள்ளே போனாய்" என்று கேட்கவில்லை. "ரெண்டாவது காலை எதுக்குக் கொடுத்தாய்" என்று கேட்கவில்லை. நம் ஜனங்கள் இவ்வளவு கதை சொல்லி வைத்திருக்கிறார்கள், இந்தப் புத்தகத்தில் ஒரு கதையில்கூட அடிபட்டு வந்த மிருகத்தைப் பார்த்து இன்னொரு மிருகம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

இதற்கு நடுவில் பதிப்பகத்துக்காரர் ஒருநாள் கூப்பிட்டார், நல்ல மனிதர்தான். "குழந்தைங்க படிக்கறதுங்க. கண்ணு வெளிய வர்றது, வயிறு வேகறதெல்லாம் கொஞ்சம் இதமா மாத்திரலாமுங்களா? சிறுத்தை மனசு திருந்தி ஆட்டுக்கிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரி முடிச்சா அழகா இருக்குமுங்க. கீழ ஒரு நீதியும் போட்டுரலாம்" என்றார். அவரிடம் எனக்கு வந்த கோபத்தில் பாதி உன்மேல் வந்தது, அவருக்குத் தெரியாது. இந்தக் கதைகளைக் கேட்டு எந்தக் குழந்தையும் கெட்டுப்போகவில்லைங்க, கடிச்சதைக் கடிச்சதுன்னு எழுதாமப் போனாத்தான் கெட்டுப்போகும் என்றேன். சிறுத்தை மன்னிப்புக் கேட்டதாக வால்பாறையில் யாரும் சொல்லவில்லை, சொன்னால் எழுதிக்கொள்வோம் என்றேன். அப்புறம் "இருந்தபடியே இருக்கட்டுங்க" என்று ஒப்புக்கொண்டார்.

நேற்று நீ போனை வைத்ததும் அன்னூருக்கு நானே பேசினேன். இன்று காலை வெயிலுக்கு முன்னால் அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். அவள் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தமுங்களே சம்பந்தி" என்று அழுத அழுகையை நான் எந்தத் தமிழில் எழுதுவது? எல்லோரும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். வெளியே மனு எழுதிக் கொடுக்கிற ஒருவர் சுகன்யா சொன்னதைக் கேட்டு எழுதினார். "கணவன் மனைவிக்கிடையே ஏற்பட்ட கருத்து வேறுபாடு காரணமாக வாய்த்தகராறு முற்றி, கைகலப்பாக மாறி, அதில் மனுதாரருக்கு இடது கையில் எலும்பு முறிவு ஏற்பட்டு..." சுகன்யா வாங்கிப் படித்தாள். "இதுல அவரையே காணமுங்களே" என்றாள். இன்னொரு தாள் கேட்டு வாங்கி, என் பேனாவையும் வாங்கி, சுவரில் தாளை வைத்து, மாவுக்கட்டால் அதை அழுத்திக்கொண்டு தானே எழுதினாள். "போனைக் கேட்டார். கொடுத்தேன். உடைத்தார். கையைக் கேட்டார். கொடுத்தேன். முறுக்கினார். உடைந்தது. கத்தினேன். தலையணையால் வாயை அமுக்கினார்." எழுதிவிட்டு என்னிடம் நீட்டினாள். பழக்க தோசம், பேனாவை எடுத்துக்கொண்டுதான் வாங்கினேன். மாற்றுவதற்கு ஒரு சொல் இல்லை. அவள் என்னிடம் சொன்னதையும், முதுகுத் தழும்பை நான் பார்த்ததையும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எனக்கு நீ ஒருத்தன்தான். நீ சாப்பிட்டாயா என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது, அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? உன்னை அடித்துக் கொல்லலாம் போலவும் இருக்கிறது, மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருக்கிறது. ஆனால் உன்னைப் பெற்றது நான் என்பதற்காக அவள் இன்னொரு கையை உடைத்துக்கொள்ள முடியாது. அவள் உன்னிடம் திரும்ப வருவாளா என்று என்னைக் கேட்காதே. அது அவள் வாயிலிருந்து வர வேண்டிய சொல், இன்றைக்கு அவள் வாயில் அப்படி ஒரு சொல் இல்லை. அன்னூருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்பதையும் அவள்தான் சொல்ல வேண்டும். அவள் இருக்கிறவரைக்கும் இது அவள் வீடு.

திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி உனக்குப் போன் வரும். தனியாக வா. மாமாவைக் கூட்டி வராதே, யாராவது பெரிய மனிதரைப் போனில் பேசச் சொல்லாதே. என்ன நடந்தது என்று கேட்பார்கள். விழுந்துவிட்டாள் என்று நீ சொன்னால், எதிரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நான் எழுந்து, "இல்லைங்க, எம்பையன் பொய் சொல்றானுங்க" என்று சொல்வேன். எத்தனை பேர் இருந்தாலும் சொல்வேன். நான்தான் உடைத்தேன் என்று நீ உன் வாயால் சொன்னால், அதற்கு அவர்கள் என்ன தண்டனை கொடுத்தாலும், எந்த ஜெயிலில் வைத்தாலும், நான் எழுந்து உன் பக்கத்தில் வந்து உட்காருவேன். உன் அப்பாவும் வந்து உட்காருவார், கேட்டுவிட்டேன். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா, அங்கே நேரமாகும்.

அம்மா